போர்க்காலப் பயிற்சியும் ஒரு தொழிலின் தோற்றமும்: போர்ட்லேண்ட் ரீட் கல்லூரியில் இயன்முறை மருத்துவக் கல்வி (1918–1919)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இயன்முறை மருத்துவம் ஒரு தனித் தொழிலாக உருப்பெற்ற வரலாறு முதல் உலகப் போரோடு தொடங்குகிறது. காயமுற்ற வீரர்களை மீண்டும் நடக்கவும் உழைக்கவும் தகுதியாக்குவதற்கென 1918ஆம் ஆண்டில் பெண்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகள் பல நகரங்களில் நடத்தப்பட்டன. அவற்றுள் மிகப் பெரியது ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் நகரிலிருந்த ரீட் கல்லூரியில் நடந்தது. முன்பின் அறியாத ஒரு நகரில் முன்பின் இல்லாத ஒரு படிப்பைத் தொடங்கிய பெண்கள் எத்தகைய தகுதியோடு வந்தனர், எதைக் கற்றனர், அக்கல்வி அவர்களுக்கு எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இராணுவம் இப்பெண்களுக்குப் பணியை வழங்கியதே தவிர, தகுதிநிலையை வழங்கவில்லை. அத்தகுதிநிலையை அவர்கள் பொதுவான பாடத்திட்டத்தின் வழியும் தாமே நிறுவிய சங்கத்தின் வழியும் தேடிக்கொண்டனர் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: இயன்முறை மருத்துவம், ரீட் கல்லூரி, மேரி மக்மில்லன், மறுசீரமைப்பு உதவியாளர், முதல் உலகப் போர், பெண்கல்வி, தொழில்முறைச் சங்கம்.

முன்னுரை

ஒரு தொழிலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அத்தொழிலின் கண்டுபிடிப்புகளையும் தலைவர்களையும் வரிசைப்படுத்துவர். அத்தொழிலைக் கற்க முதன்முதலில் வந்து அமர்ந்த மாணவர்களின் நிலை அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. எனினும், ஒரு பணி தொழிலாக மாறுவது வகுப்பறையில்தான். எவரைச் சேர்ப்பது, எத்தனை மாதம் கற்பிப்பது, எப்பெயரால் அழைப்பது, யாருடைய ஆணையின்கீழ் வைப்பது என்னும் வினாக்களுக்கு அங்கேதான் முதலில் விடை காணப்படுகிறது.

இன்று அமெரிக்காவில் இயன்முறை மருத்துவராக விரும்பும் ஒருவர் இளங்கலைப் பட்டத்திற்குப் பின் முனைவர் நிலையிலான தொழிற்பட்டம் பெறவேண்டும். 1918இல் இதே பணிக்கான பயிற்சி சில மாதங்களில் முடிந்தது. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட தொலைவை உணர, தொடக்கத்தில் நின்ற வகுப்பறையைக் காண்பது இன்றியமையாதது.

1. போருக்கு முந்தைய நிலை

உடற்பயிற்சியையும் அழுத்திப் பிடித்துவிடுதலையும் மருத்துவ முறையாக ஒழுங்குபடுத்தும் முயற்சி ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காணப்படுகிறது. பெர் ஹென்ரிக் லிங் 1813இல் ஸ்டாக்ஹோமில் நிறுவிய மைய உடற்பயிற்சி நிலையம் இதற்கு அடித்தளமாக அமைந்தது. இங்கிலாந்தில் 1894இல் செவிலியர் நால்வர் இணைந்து பயிற்சி பெற்ற பிடித்துவிடுநர்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினர். பிடித்துவிடும் நிலையங்கள் என்ற பெயரில் லண்டனில் நடந்த முறைகேடுகள் அப்போது பெரும் பேச்சாக இருந்தன. நேர்மையான பணியாளரை அவற்றிலிருந்து பிரித்துக் காட்டவேண்டிய தேவையே அச்சங்கத்தைத் தோற்றுவித்தது. தொழிலின் தரம் என்பதும் தொழில் செய்யும் பெண்ணின் நற்பெயர் என்பதும் தொடக்கம் முதலே பிணைந்திருந்தன என்பது இங்குக் கருதத்தக்கது.

அமெரிக்காவில் அத்தகைய சங்கம் எதுவும் அப்போது இல்லை. ஆனால், தேவை இருந்தது. இளம்பிள்ளைவாதம் 1916இல் நாடெங்கும் பரவி ஏறத்தாழ 27,000 பேரைத் தாக்கியது; நியூயார்க் நகரில் மட்டும் 9,000 பேர் பாதிக்கப்பட்டனர். உயிர்பிழைத்த குழந்தைகளின் செயலிழந்த தசைகளை என்ன செய்வது என்ற வினாவிற்கு மருந்து விடையாகவில்லை. பாஸ்டனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ராபர்ட் லவெட் அதற்கு முன்பே வெர்மான்ட் மாநிலத்தில் இத்தகைய குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவந்தார். அவருடன் பணிபுரிந்த வில்ஹெல்மின் ரைட், தசையின் வலிமையைக் கையால் அளந்து படிநிலைப்படுத்தும் முறையை உருவாக்கினார். இப்பெண்கள் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர். அவர்களுக்குப் பணி இருந்தது, பொதுப்பெயர் இல்லை.

2. இராணுவத்தின் தேவையும் புதிய பதவிப்பெயரும்

அமெரிக்கா 1917 ஏப்ரலில் போரில் இறங்கியபோது, பிரிட்டனும் கனடாவும் தம் காயமுற்ற வீரர்களுக்கான பயிற்சிபெற்ற பணியாளரை ஏற்கெனவே உருவாக்கியிருந்தன. பிரிட்டனில் அல்மெரிக் பேஜட் இராணுவப் பிடித்துவிடுநர் படை 1914 முதலே இயங்கிவந்தது. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஹார்ட் ஹவுஸ் கட்டடத்தில் 1917இல் இராணுவத்திற்கான பயிற்சிப் பள்ளி ஒன்று அமைந்தது. அமெரிக்க இராணுவத்தின் தலைமை மருத்துவ அலுவலகம் இம்முன்மாதிரிகளைக் கருத்திற்கொண்டு, 1917 ஆகஸ்டில் சிறப்பு மருத்துவமனைகளுக்கும் உடல் மறுசீரமைப்பிற்குமான பிரிவைத் தொடங்கியது.

இதற்குப் பின்னணியில் பொருளியல் காரணமும் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் முன்னாள் வீரர்களுக்கான ஓய்வூதியம் அரசின் பெருஞ்செலவாக வளர்ந்திருந்தது. ஊனமுற்ற வீரருக்கு வாழ்நாள் முழுவதும் பணம் வழங்குவதைவிட, அவரை மீண்டும் உழைக்கச் செய்வதே சிறந்தது என்னும் எண்ணம் இம்முறை வலுப்பெற்றது. இதன் விளைவாக 1918 ஜூனில் வீரர்களுக்கான தொழில் மறுவாழ்வுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே, உடல் மறுசீரமைப்பு என்பது இரக்கத்தினால் மட்டும் பிறந்ததன்று. வீரரை ஊதியம் ஈட்டும் குடிமகனாகத் திருப்பித்தரும் அரசுக் கொள்கையின் ஓர் உறுப்பாகவும் அது இருந்தது.

இப்பணிக்கு எவரை அமர்த்துவது என்ற வினா எழுந்தது. செவிலியருக்கோ பெரும் பற்றாக்குறை. எலும்பியல் மருத்துவர்களான எலியட் பிராக்கெட், ஜோயல் கோல்ட்த்வெய்ட் ஆகியோரின் கவனம் உடற்கல்வி ஆசிரியைகளின் பக்கம் திரும்பியது. உடற்கூறியலும் உடலியங்கியலும் ஓரளவு கற்று, பயிற்சி அளித்துப் பழகியவர்கள் அவர்கள். பாஸ்டனில் உடற்கல்வி பயின்ற மார்கரிட் சாண்டர்சன் இப்புதிய அணியின் மேற்பார்வையாளராக அமர்த்தப்பட்டார்.

அவர்களுக்குத் தரப்பட்ட பதவிப்பெயர் 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் எய்ட்' என்பதாகும். இதனை 'மறுசீரமைப்பு உதவியாளர்' எனத் தமிழில் குறிக்கலாம். பெயரிலேயே அவர்களின் எல்லை வரையறுக்கப்பட்டிருந்தது. அவர்கள் உதவியாளர்கள், மருத்துவரின் ஆணைப்படி செயற்படுவோர். இராணுவத்தில் பணிபுரிந்தாலும் இராணுவத்தினராகக் கருதப்படவில்லை. படைநிலை எதுவுமற்ற குடிமைப் பணியாளராகவே அமர்த்தப்பட்டனர். உள்நாட்டில் மாதம் 50 டாலரும் கடல்கடந்த பணிக்கு 60 டாலரும் ஊதியமாக வழங்கப்பட்டன. இவ்வேறுபாடு அன்று சிறிதாகத் தோன்றியிருக்கக்கூடும். ஆனால் அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு அதன் விளைவு நீடித்தது.

3. ஆசிரியர்: மேரி மக்மில்லன்

ரீட் கல்லூரி வகுப்பின் தலைமை ஆசிரியர் மேரி மக்மில்லன். அவருடைய வாழ்க்கையே ஊர்விட்டு ஊர் சென்று கற்ற வாழ்க்கையாகும். 1880இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த அவர், சிறுவயதிலேயே தாயை இழந்து, இங்கிலாந்தின் லிவர்பூலில் உறவினரிடம் வளர்ந்தார். அங்கு உடற்கல்வி பயின்றபின் மருத்துவ உடற்பயிற்சியில் மேற்பயிற்சி பெற்றார். எலும்பியல் அறுவை மருத்துவத்தில் புகழ்பெற்ற ராபர்ட் ஜோன்சின்கீழ் 1911 முதல் 1915 வரை லிவர்பூலில் பணிபுரிந்தார். பின்னாளில் பிரிட்டிஷ் இராணுவத்தின் எலும்பியல் மருத்துவமனைகளை ஒழுங்கமைத்தவர் இந்த ஜோன்ஸே ஆவார்.

மக்மில்லன் 1915இல் அமெரிக்கா திரும்பி, மேய்ன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் நகரிலிருந்த குழந்தைகள் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். 1918 பிப்ரவரியில் தலைநகர் வாஷிங்டனிலிருந்த வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் மறுசீரமைப்பு உதவியாளராகச் சேர்ந்தார். அப்பணியில் அமர்த்தப்பட்டோருள் முதல்வர் அவரே எனக் கொள்ளப்படுகிறது. சில மாதங்களுக்குள் ரீட் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. இராணுவம் அவருக்கு விடுப்பு வழங்கியது.

அமெரிக்காவில் அன்று இத்துறையை முறையாகப் பயின்று, மருத்துவமனையில் பல ஆண்டுகள் செயற்படுத்தியும் இருந்தவர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் நோயாளியின் கட்டிலருகிலிருந்து அகற்றப்பட்டு வகுப்பறைக்கு அனுப்பப்பட்டார். ஒருவர் ஒரு நாளில் கவனிக்கக்கூடிய வீரர்களின் எண்ணிக்கைக்கு வரம்புண்டு. அவர் கற்பித்த 200 பேர் கவனிக்கக்கூடிய எண்ணிக்கையோ பன்மடங்கு. நெருக்கடிக் காலத்தில் கல்விக்கு முதலிடம் தந்த இம்முடிவு, அத்துறையின் எதிர்காலத்தைத் தீர்மானித்த முடிவுகளுள் ஒன்று எனலாம்.

4. நகரும் கல்லூரியும்

ரீட் கல்லூரிக்கும் வால்டர் ரீட் மருத்துவமனைக்கும் பெயரளவிலன்றித் தொடர்பில்லை. மருத்துவமனை, மஞ்சள்காய்ச்சல் ஆய்வால் அறியப்பட்ட இராணுவ மருத்துவரின் பெயரைத் தாங்கியது. கல்லூரியோ, கொலம்பியா ஆற்றின் நீராவிக் கப்பல் தொழிலில் பொருளீட்டிய சிமியன் ரீட், அவர் மனைவி அமண்டா ஆகியோரின் கொடையால் 1908இல் நிறுவப்பட்டது. 1911இல்தான் வகுப்புகள் தொடங்கின. ஆகவே, 1918இல் அக்கல்லூரி ஏழாண்டே நிறைந்த இளம் நிறுவனம். அதன் முதல் தலைவர் வில்லியம் ட்ரூஃபண்ட் ஃபாஸ்டர், கல்லூரி தன்னைச் சூழ்ந்த சமுதாயத்திற்குப் பயன்பட வேண்டும் என்னும் கருத்துடையவர். மரபு வேரூன்றாத ஒரு நிறுவனம் புதிய படிப்பொன்றை ஏற்பது, பழைய பல்கலைக்கழகங்களைவிட எளிதாக இருந்தது என்பதை ஊகிக்கலாம்.

நகரும் அவ்வாறே இளையது. 1845இல் அதற்குப் பெயரிடும்போது, பாஸ்டன் என்பதா, போர்ட்லேண்ட் என்பதா என்று நிலவுடைமையாளர் இருவர் நாணயம் சுண்டிப்பார்த்தனர். வென்றவர் தம் மாநிலமான மேய்னின் போர்ட்லேண்ட் பெயரைச் சூட்டினார். மக்மில்லன் ஒரு போர்ட்லேண்டிலிருந்து புறப்பட்டு, இடையில் தலைநகரில் தங்கி, நாட்டின் மறுகரையிலிருந்த இன்னொரு போர்ட்லேண்டிற்கு வந்துசேர்ந்தார். இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 3,000 மைல். பெயர் ஒன்றாயினும் ஊர் வேறு. ஆசிரியரே அந்நகருக்குப் புதியவராக இருந்தார் என்பது இவ்வகுப்பின் தனித்தன்மைகளுள் ஒன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ட்லேண்டின் மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. 1910இல் இரண்டு இலட்சத்தைச் சற்றே கடந்திருந்த அந்நகரம், 1920இல் இரண்டரை இலட்சத்தையும் தாண்டியது. போர்க்காலக் கப்பல் கட்டும் தளங்கள் வில்லமெட் ஆற்றங்கரையை நிறைத்திருந்தன. ஒரிகன் மாநிலப் பெண்கள் 1912இலேயே வாக்குரிமை பெற்றிருந்தனர். நாடு முழுமைக்கும் அவ்வுரிமை வந்தது 1920இல். கிழக்கு மாநிலங்கள் பலவற்றிலிருந்து வரும் ஒரு பெண், தன் ஊரில் தனக்கில்லாத உரிமையைத் தன்னையொத்த பெண்கள் இங்குப் பெற்றிருப்பதைக் காணநேர்ந்திருக்கும்.

மறுசீரமைப்பு உதவியாளராக அமர்த்தப்படுவதற்கு 25 முதல் 40 வரையிலான வயது வரையறுக்கப்பட்டிருந்தது. ஆகவே, இவர்கள் பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்த இளம்பெண்கள் அல்லர். பெரும்பாலும் ஆசிரியைகளாகப் பணிபுரிந்து, சொந்தமாகப் பொருளீட்டியவர்கள். அத்தகையோர் நிலையான வேலையை விட்டு, தொடர்வண்டியில் நாட்கணக்கில் பயணம் செய்து, மீண்டும் மாணவியராக விடுதியறையில் வாழத் தொடங்கினர். பயிற்சி முடிந்தபின் எங்கு அனுப்பப்படுவர் என்பது தெரியாது. போர் எத்தனை நாள் நீடிக்கும் என்பதும் தெரியாது. போர் முடிந்தால் இப்பணி இருக்குமா என்பது எவருக்குமே தெரியாது. பணியை விடுவதற்குத் துணிவு தேவைப்பட்டதோடு, கற்றுத்தேர்ந்த ஒன்றைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்து மீண்டும் தொடக்கநிலையில் அமர்வதற்குப் பணிவும் தேவைப்பட்டது.

5. பாடமும் பயிற்சியும்

நியூ ஹேவன் உடற்பயிற்சிப் பள்ளி, பாஸ்டனின் போஸி பள்ளி, பேட்டில் கிரீக் உடற்கல்விப் பள்ளி முதலிய நிறுவனங்களிலும் இதே காலத்தில் இத்தகைய வகுப்புகள் நடந்தன. ஏறத்தாழ 200 பேர் பயின்ற ரீட் கல்லூரி வகுப்பு இவை அனைத்தினும் பெரியது. உடற்கூறியல், உடலியங்கியல், தசை இயக்கவியல், பிடித்துவிடுதல், திருத்த உடற்பயிற்சி, நீர்ச் சிகிச்சை, மின் சிகிச்சை முதலியவை பாடங்களாக அமைந்தன.

பாடத்தின் பெயர்கள் உடற்கல்வி ஆசிரியைகளுக்கு முற்றிலும் புதியவை அல்ல. ஆனால், அவற்றின் நோக்கம் தலைகீழாக மாறியிருந்தது. உடற்கல்வி வகுப்பில் நலமுள்ள உடலே தொடக்கப்புள்ளி. அதனை மேலும் வலுப்படுத்துவதே இலக்கு. மருத்துவமனையிலோ குண்டு துளைத்த நரம்பு, பல மாதக் கட்டினால் இறுகிய மூட்டு, துண்டிக்கப்பட்ட காலின் எஞ்சிய பகுதி ஆகியவை தொடக்கப்புள்ளிகள். வகுப்பில் முப்பது மாணவர்களுக்கு ஒரே கட்டளையிட்டுப் பழகிய குரல், இங்கு ஒரே ஒருவரின் ஒரே ஒரு விரலை அசைப்பதற்குப் பொறுமையோடு காத்திருக்கவேண்டும்.

தொடுதல் பற்றிய பயிற்சியும் குறிப்பிடத்தக்கது. தசையைத் தடவுதல், பிசைதல், உரசுதல், தட்டுதல் எனப் பிடித்துவிடுதலின் வகைகள் ஒவ்வொன்றிற்கும் தனித்த நோக்கம் உண்டு. எவ்வளவு அழுத்தம் தருவது, எப்போது நிறுத்துவது என்பதைக் கைதான் கற்கவேண்டும். அறிமுகமற்ற ஆண்களின் உடலைத் தொட்டுப் பணிபுரிவது அக்காலப் பெண்ணுக்குச் சமூகம் எளிதில் இசைவளிக்கும் செயலன்று. லண்டன் செவிலியர் 1894இல் எதிர்கொண்ட ஐயம் அமெரிக்காவிலும் மறையவில்லை. அந்த ஐயத்திற்கு மறுமொழியாகவே, சீருடையும் மருத்துவரின் எழுத்துவழி ஆணையும் கண்டிப்பான நடத்தை நெறியும் இப்பணியோடு இணைந்தன. இவை ஒருபுறம் அவர்களைக் கட்டுப்படுத்தின. மறுபுறம் அவர்களின் தொடுதலை மருத்துவச் செயலாக நிலைநிறுத்தின.

மக்மில்லன் கற்பித்தவற்றின் சாரத்தை அவர் 1921இல் வெளியிட்ட 'மசாஜ் அண்ட் தெரபியூட்டிக் எக்சர்சைஸ்' என்னும் நூலில் காணலாம். அமெரிக்க இயன்முறை மருத்துவர் ஒருவர் இத்துறை பற்றி எழுதிய முதல் பாடநூலாக அது மதிக்கப்படுகிறது. வாய்வழியாகவும் கைவழியாகவும் பரவிய திறன் அச்சு வடிவம் பெற்றதற்குப் போர்க்கால வகுப்பறைகளின் தேவை ஒரு முதன்மைக் காரணம் எனக் கொள்வது பொருந்தும்.

6. பயிற்சிக்கு இடையே முடிந்த போர்

1918 அக்டோபரில் இன்ஃபுளுவென்சா பெருந்தொற்று போர்ட்லேண்டை அடைந்தது. பள்ளிகளும் திரையரங்குகளும் தேவாலயங்களும் மூடப்பட்டன. அடுத்த மாதம் 11ஆம் நாள் போர்நிறுத்தம் கையெழுத்தானது. எந்தப் போருக்கென இக்கல்வி தொடங்கப்பட்டதோ அப்போர் முடிந்துவிட்டது.

ஆனால், இப்பெண்களின் பணி அப்போதுதான் உச்சத்தை நெருங்கியது. போரில் காயமுற்ற அமெரிக்க வீரர்கள் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர். உறுப்பு நீக்கம் செய்யப்பட்டவர் மட்டும் 4,400 அளவினர். படுகாயமுற்றோர் கப்பல் கப்பலாகத் தாயகம் திரும்பிக்கொண்டிருந்தனர். களத்தில் நின்றவருக்குப் போர்நிறுத்தம் முடிவாகலாம். மருத்துவமனையில் நின்றவருக்கு அது தொடக்கமாக அமைந்தது. மக்மில்லன் 1919 ஜனவரியில் வால்டர் ரீட் மருத்துவமனைக்குத் திரும்பித் தலைமை உதவியாளராகப் பொறுப்பேற்றார். போர்க்கால வகுப்புகளில் பயின்றோர் நாடெங்கும் உள்ள இராணுவ மருத்துவமனைகளில் பணியமர்ந்தனர்.

அவர்களுள் ஒருவர் எம்மா வோகல். மினசோட்டா மாநிலத்தில் பிறந்து, உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றியவர். ரீட் கல்லூரியில் பயின்றபின் 1919இல் வால்டர் ரீட் மருத்துவமனையில் சேர்ந்தார். 1922இல் அம்மருத்துவமனையிலேயே இராணுவத்தின் நிலையான இயன்முறை மருத்துவப் பயிற்சி வகுப்பு தொடங்கப்பட்டபோது அதனை வழிநடத்தியவர் அவரே. நெருக்கடிக் காலத்தில் மாணவியாக இருந்தவர், நான்காண்டுகளுக்குள் அமைதிக் காலப் பள்ளியின் ஆசிரியரானார். ரீட் கல்லூரி வகுப்பு நீடிக்கவில்லை. ஆனால் அதன் வழித்தோன்றலாக இன்னொரு வகுப்பு வேரூன்றியது.

7. சங்கத்தின் தோற்றம்

போர் முடிந்த சில ஆண்டுகளில் இராணுவ மருத்துவமனைகள் பல மூடப்பட்டன. உதவியாளர்கள் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். பழைய உடற்கல்விப் பணிக்குத் திரும்புவதா, புதிய திறனைக் குடிமை மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்வதா என்ற வினா அவர்கள்முன் நின்றது. குடிமை மருத்துவமனைகளிலோ இப்பணிக்கு இடம் வரையறுக்கப்படவில்லை. முறையாகப் பயின்றவரும் பயிலாதவரும் ஒரே பெயரால் அழைக்கப்படும் நிலை இருந்தது.

1921 ஜனவரி 15ஆம் நாள் நியூயார்க் நகரின் கீன்ஸ் உணவகத்தில் மக்மில்லன் உள்ளிட்ட முன்னாள் உதவியாளர்கள் ஏறத்தாழ முப்பது பேர் கூடினர். அமெரிக்கப் பெண்கள் உடற்சிகிச்சைச் சங்கம் அன்று தோன்றியது. மக்மில்லன் அதன் முதல் தலைவரானார். நிறுவன உறுப்பினராகச் சேர்ந்தோர் 274 பேர். அவர்கள் 32 மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். அதே ஆண்டில் சங்கத்திற்கென ஓர் இதழும் தொடங்கப்பட்டது.

இந்த எண்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. 32 மாநிலங்களில் சிதறிக்கிடந்த பெண்கள் தொலைபேசியும் அரிதான காலத்தில் எவ்வாறு ஒரே அமைப்பாக இணைந்தனர்? தத்தம் சொந்த ஊரிலேயே ஒரு மருத்துவரிடம் தனித்தனியாகப் பழகிக் கற்றிருந்தால் இது நிகழ்ந்திராது. வீட்டைவிட்டு வந்து, ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே சொற்களையும் ஒரே முறைகளையும் கற்று, பின் ஒரே வகை மருத்துவமனைகளில் பணிபுரிந்தமையே அவர்களுக்கிடையே அறிமுகத்தையும் நம்பிக்கையையும் ஏற்படுத்தியது. தொழிலின் ஒருமை, முதலில் வகுப்பறையின் ஒருமையாக இருந்தது.

சங்கத்தின் பெயர் 1922இல் அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கம் என மாற்றப்பட்டது. பின்னர் ஆண்களும் உறுப்பினராயினர். 1928இல் சங்கம் ஒன்பது மாதப் படிப்பைக் குறைந்தபட்ச அளவாக வகுத்தது. 1936 முதல் இப்பள்ளிகளுக்கு ஏற்பளிக்கும் பொறுப்பை அமெரிக்க மருத்துவச் சங்கம் மேற்கொண்டது. இதனால் தரம் உயர்ந்தது. அதே வேளையில் தொழிலின் கல்வியைத் தீர்மானிக்கும் அதிகாரம் மருத்துவர்களின் கைக்குச் சென்றது. ஏற்பும் கட்டுப்பாடும் ஒரே கதவின் வழியாக வந்தன. அவ்வதிகாரத்தைத் தம் கைக்கு மீட்பதற்கு இத்துறையினர் பல பத்தாண்டுகள் உழைக்கவேண்டியிருந்தது.

8. தகுதிநிலையும் காலங்கடந்த ஏற்பும்

இராணுவத்தில் இப்பெண்களின் நிலை மிக மெதுவாகவே மாறியது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் இயன்முறை மருத்துவருக்கு ஒப்புநிலைப் படைப்பதவியை வழங்கியது. 1947இல் பெண் மருத்துவ வல்லுநர் படை அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராகக் கர்னல் நிலையில் அமர்ந்தவர் எம்மா வோகல். படைநிலையற்ற உதவியாளராகச் சேர்ந்தவர், தம் பணிக்காலத்தின் இறுதியில் கர்னலாக உயர்ந்தார்.

ஆனால், வோகலைப் போல இராணுவத்தில் தொடராதவர்களின் நிலை வேறு. 1918, 1919ஆம் ஆண்டுகளில் பணிபுரிந்து வெளியேறியவர்கள் சட்டத்தின் பார்வையில் முன்னாள் படையினர் அல்லர். அவர்கள் நடக்கக் கற்பித்த வீரருக்கு மருத்துவ உதவியும் ஓய்வூதியமும் உண்டு, கற்பித்தவருக்கு இல்லை. போர்க்காலத்தில் இராணுவத்தோடு பணிபுரிந்த குடிமைக் குழுக்களின் பணியைப் படைப்பணியாக ஏற்க வழிசெய்யும் சட்டம் 1977இல் வந்தது. அச்சட்டத்தின்கீழ் முதல் உலகப் போர்க்கால மறுசீரமைப்பு உதவியாளர்களின் பணி 1981 ஜூலையில் ஏற்கப்பட்டது. 1918இல் 25 வயதில் சேர்ந்த ஒருவருக்கு அப்போது 88 வயது. 40 வயதில் சேர்ந்தவருக்கு அந்த ஏற்பு எட்டியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

மக்மில்லனும் அதனைக் காணவில்லை. அவர் 1932இல் பீக்கிங் ஒன்றிய மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, இன்னொரு அறியாத நகரில் இப்பாடத்தைக் கற்பித்தார். 1941இன் இறுதியில் தாயகம் திரும்பும் வழியில் மணிலாவில் போரில் சிக்கி, ஜப்பானியரின் சாந்தோ தோமாஸ் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கும் சிறைப்பட்டோருக்குத் தம் சிகிச்சையை வழங்கினார். பின்னர் விடுதலை பெற்றுத் தாயகம் சேர்ந்த அவர் 1959இல் மறைந்தார்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம்.

ரீட் கல்லூரி வகுப்பு ஒரு நெருக்கடிக்கான தற்காலிக ஏற்பாடாகவே தொடங்கப்பட்டது. ஒரு புதிய தொழிலை நிறுவுவது இராணுவத்தின் நோக்கமாக இருக்கவில்லை. தொழில் உருவானது, பயின்றோர் அதனைத் தற்காலிகமாகக் கருத மறுத்தமையால்தான்.

பயின்றோர் வெறுங்கையோடு வரவில்லை. உடற்கல்வி என்னும் முன்னறிவே, சில மாதப் பயிற்சி பயன்தருவதற்கு அடிப்படையாக இருந்தது. ஆகவே, அக்காலப் பயிற்சியின் குறுகிய அளவை மட்டும் கொண்டு அதன் தரத்தை மதிப்பிடுவது பொருந்தாது.

சொந்த ஊரைவிட்டு அறியாத நகரில் ஒன்றுகூடிப் பயின்றமை, பாடத்தைப் போலவே பயனுடையதாக அமைந்தது. பின்னாளில் 32 மாநிலங்களை இணைத்த சங்கத்திற்கு அதுவே வித்து.

பணியின் மதிப்பும் பணியாளரின் மதிப்பும் ஒருசேர வளர்வதில்லை. அப்பெண்களின் பணி இன்றியமையாதது என்பதை இராணுவம் 1918இலேயே உணர்ந்திருந்தது. அப்பணியைச் செய்தவர்களுக்கு உரிய நிலையை அரசு ஏற்க 63 ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் அவர்களைத் தாங்கிநின்றது, தம் கைகள் கற்ற திறனும் அதனைத் தம்மோடு சேர்ந்து கற்றவர்களின் துணையுமே ஆகும்.